மழைப் பிரசங்கமும் மூன்றாம் ஓலையும்

"எங்கூட்டுக் கூரை ஒழுவுறத கோயில்ல வச்சு நாறடிச்சிட்டியேடி! இன்னா தைரியம் கீது உனக்கு?"

"அத்தை, சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலை."

"நீ சொல்லாம பாஸ்டரு கனவா கண்டாரு? அத்தைன்னு கூப்டாத! மூணாவது ஓலைய வாசிக்கட்டும், நானே எய்ந்து நிக்கிறேன்!"

ஊரூர் குப்பத்துச் சின்ன சபையின் வாசலில், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, மீன் விற்கும் குப்பம்மா தன் வருங்கால மருமகள் எஸ்தரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் செருப்புத் தேடுகிற சாக்கில் அங்கேயே நின்றோம். என் செருப்பு காலில்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அதற்கு ஓலை என்று பேர். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம். எஸ்தருக்கும் குப்பம்மாவின் மகன் பிரசாத்துக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. பிரசாத் கோடம்பாக்கத்தில் லைட்மேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டுவான், அம்மா முன்னால் வாய் திறக்கமாட்டான். அவள் எழுந்து நின்றால் கல்யாணம் அதோடு சரி.

வினை அன்றைய பிரசங்கத்தில் வந்தது. ஐப்பசி மழைக்கு நன்றி சொல்ல ஆரம்பித்த பாஸ்டர் தேசப்பன், நோவாவின் வெள்ளம், எலியாவின் மேகம் என்று போய்க்கொண்டே இருந்தவர், திடீரென நீதிமொழிகளில் இறங்கினார். அடைமழையில் ஓயாமல் ஒழுகும் வீடும் சண்டைக்காரப் பெண்பிள்ளையும் ஒன்று என்கிற வசனம். முந்தின வாரம்தான் குப்பம்மா ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டித் தீர்த்திருந்தாள். திட்டு தெருவுக்கே கேட்டது. ஒழுகல் உள்ளே உட்கார்ந்து டீ குடித்த எஸ்தருக்குத்தானே தெரியும்?

சந்தேகம் எங்களுக்கும் இருந்தது. ஒரே வசனத்தை ஒரு மணி நேரம் மெல்லுகிற மனிதர், சில மாதங்களாக வசனங்களைக் கொட்டுகிறார். சனிக்கிழமையானால் அடையாறில் எஸ்தர் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டர் படியேறுகிறார். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி.; பேசுவது வெளியே கேட்காது. அந்தச் சமயம் பார்த்து என் ரேஷன் கார்டுக்கு ஏகப்பட்ட ஜெராக்ஸ் தேவைப்பட்டது. இருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த பாஸ்டர், "அம்மா, அதை எஸ்தர் சொல்லலை. கம்ப்யூட்டர் சொல்லிச்சு" என்றார்.

"அதுக்கு எங்கூட்டு விசயம் யாரு சொன்னா?"

மறுநாள் எல்லோரும் அடையாறுக்குப் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. எஸ்தர் வெளிநாட்டிலிருந்து வந்த பைபிள் சிடியைப் பெட்டிக்குள் தள்ளி, மழை என்று இங்கிலீஷில் அடித்தாள். திரை நிறைய வரிகள்.

"பைபிள்ல மழை வர்ற இடமெல்லாம் வரும் அத்தை. நான் அதிகாரத்தைச் சொல்வேன். பாஸ்டர் தமிழ்ல எடுத்துப்பார்."

"வந்ததையெல்லாமா படிப்ப நைனா?" என்று பாஸ்டரைக் கேட்டாள் குப்பம்மா.

"தேவ வசனமாச்சேம்மா! கண் முன்னாடி வந்து நிக்குது. எதை வேணாம்னு தள்றது?"

குப்பம்மா நம்பவில்லை. "மாமியாருன்னு அடி" என்றாள்.

எஸ்தரின் கை ஒரு கணம் தயங்கியது. படியருகே நின்ற பிரசாத் கூரையைப் பார்த்தான். அவள் அடித்தாள். ரூத் மாமியாரை விடாமல் ஒட்டிக்கொண்டது வந்தது. அதை எஸ்தர் கணீரென்று வாசித்துச் சொன்னாள். குப்பம்மா முகம் இளகியது. அடுத்தடுத்த வரிகளுக்குப் போன எஸ்தர் சட்டென நிறுத்தினாள்.

"போதும்மா" என்று இருமினார் பாஸ்டர்.

"இல்லை பாஸ்டர், இதுவும் இருக்கு. மருமக மாமியாருக்கு விரோதமா எழும்புவாளாம்."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கல்யாண விருந்து போச்சே என்ற கவலைதான்.

குப்பம்மா கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். "கள்ளியா இருந்தா அத முயுங்கியிருப்பா. பொண்ணு மேல தப்பில்ல. இந்தப் பொட்டி மேலதான் எனக்கு டவுட்டு. ஏண்டா பிரசாத்து, வாயப் பொளந்துகினு நிக்கிற? வா போலாம்!"

மூன்றாவது ஓலையன்று குப்பம்மா பெஞ்சை விட்டு அசையவில்லை. தையில் கல்யாணம். பிரசாத்தும் எஸ்தரும் கே.கே. நகரில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனார்கள். அங்கே கம்ப்யூட்டர் வாங்கக் கூடாதென்று குப்பம்மா உத்தரவாம். பாஸ்டரை மறு வருஷமே அரக்கோணம் பக்கம் மாற்றிவிட்டார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால், குப்பம்மா காதில் விழும்படி நான் எதற்கு வாயைத் திறக்கிறேன்?