பாதி ஸ்பாஞ்சு

ராஜமாணிக்கத்தின் கம்பெனி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரெஜினா தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஆறு வருஷமாக அவள் வேலை பார்க்கும் விருத்தகிரியின் கம்பெனி அங்கிருந்து நாலு ஷெட் தள்ளித்தான் இருந்தது. வேறு இடத்தில் வேலை கேட்டது அவர் காதுக்குப் போனால் நாளை அங்கேயும் வேலை இருக்காது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் முதலாளிகள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை. அவளோடு வேலை பார்த்த திருமால் போன வருஷம் அப்படித்தான் மாட்டினான். இப்போது மங்கலம்பேட்டையில் மூட்டை தூக்குகிறான்.

நானூறு ரூபாய் நாள்கூலியில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி காலம் தள்ள முடியாது என்றுதான் துணிந்து வந்தாள்.

"முன்னாடி எங்க இருந்த?" என்றார் ராஜமாணிக்கம்.

"பாண்டிச்சேரி பக்கம் சார். பொம்மை கம்பெனி."

"செஞ்சு காட்டு, பாப்போம்."

சூளைக்குப் போகாத இன்சுலேட்டர் ஒன்றையும், கிண்ணத்தில் தண்ணீரையும், உள்ளங்கை நிறையும் புது ஸ்பாஞ்சையும் கொண்டுவந்து வைத்தார்கள். அச்சுக்கோடு தெரியாமல் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். வேலையில் இறங்கியதும் படபடப்பு கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. முடித்து நிமிர்ந்தாள். அவர் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழு ஸ்பாஞ்ச குடுத்தா, ஏம்மா ஓரத்த கிள்ளிப் புடிச்சி தொடைக்கிற?"

ரெஜினா குனிந்து தன் கையைப் பார்த்தாள். இரண்டு விரல்கள் மட்டும் ஸ்பாஞ்சின் ஒரு மூலையைப் பற்றியிருந்தன. மீதியில் தண்ணீர்கூடப் படவில்லை.

"ஸ்பாஞ்ச ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி குடுக்குறது விருத்தகிரி ஒருத்தருதான். பொண்ணு கல்யாணத்துல அப்பளத்தையே பாதியா ஒடச்சி எலையில வெச்ச மனுஷன்." சிரித்துக்கொண்டே போனை எடுத்தார்.

"வேணாம் சார். நான் போயிடுறேன்."

அவர் விரல் திரையில் மேலும் கீழும் போயிற்று. பிறகு அவர் என்ன நினைத்தாரோ, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"அவரு குடுக்குறதுக்கு மேல நான் குடுக்க முடியாது. எங்களுக்குள்ள பேசி வெச்சிருக்கோம். ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கிழம மட்டும் வந்து செஞ்சு குடுத்துட்டுப் போ. எரநூறு தரேன்."

"அங்க நானூறு சார்."

"அங்க போன் பண்ணி ஒண்ணும் சொல்லாம இருக்கேன்ல? நீ ஒழுங்கா வந்துட்டிருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?"

அவள் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மட்டும் சர்ச்சுக்குப் பூசைக்கு அனுப்பிவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்பக்கமாகப் போனாள். ஷட்டர் முட்டி உயரத்துக்குத்தான் தூக்கியிருந்தது. குனிந்து நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விருத்தகிரி கம்பெனியில் தினமும் அவள் பக்கத்தில் உட்காரும் ஞானாம்பாள் அங்கே இருந்தாள். அதே கம்பெனிப் பெண்கள் இன்னும் இரண்டு பேர், தலை நிமிராமல் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருகிட்டயாவது சொல்லிட்டு வந்தியா?" ஞானாம்பாளின் குரல் எழும்பவே இல்லை.

"இல்லக்கா. நீங்க எப்பலேருந்து..."

"அதெல்லாம் கேக்காத. நாளைக்கு அங்க என் மூஞ்சிய பாக்காத. நானும் பாக்க மாட்டேன்."

ராஜமாணிக்கத்தின் ஒரு வாய்க்குப் பயந்து வந்த இடத்தில் இன்னும் மூன்று வாய்கள். ஞானாம்பாள் நகர்ந்து இடம் விட்டாள். ரெஜினா உட்கார்ந்ததும், வெளியே யாரோ ஷட்டரைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டார்கள்.