கண்மை வைத்த தோட்டா

என் வீட்டுக்காரர் அப்துல் வஹீதை இரண்டு விஷயங்களில் யாரும் குறை சொல்லக் கூடாது. ஒன்று அவர் வைக்கும் தால்சாக் குழம்பு. இன்னொன்று அவர் வெட்டும் சேம்பர். தால்சாவை நான் வாரா வாரம் குறை சொல்கிறேன், உயிரோடுதான் இருக்கிறேன். சேம்பர் விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்ததில்லை.

சேம்பர் என்றால் துப்பாக்கிக் குழலின் பின்பக்கம் தோட்டா போய் உட்காரும் அறை. போட்டிக்குச் சுடுகிறவர்கள் புதுக் குழல் வாங்கி வந்து, தங்கள் தோட்டாவுக்குத் தக்கபடி அந்த அறையை வெட்டித் தரச் சொல்லி லஸ் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வருவார்கள். லைசென்ஸ் உள்ள பட்டறை. மெட்ரோ வேலைக்குத் தெருவில் தகரம் அடித்த பிறகு எங்களைக் கண்டுபிடித்து வருவதே ஒரு போட்டியாகிவிட்டது. முன்னால் கல்லாவில் நான், பின்னால் லேத்தில் அவர்.

போன வியாழக்கிழமை கருணாகரன் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து இறங்கினார். தி.நகரில் நகைக்கடை, கோபாலபுரத்தில் வீடு, பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலி. மகள் சரண்யா ரைபிள் கிளப்பில் சுடுகிறாள். அவள் ரைபிளுக்கு ஆயுத பூஜைக்கு முன்னால்தான் என் வீட்டுக்காரர் சேம்பர் வெட்டிக் கொடுத்திருந்தார். அப்புறம் அவளுக்குக் காலேஜ் பரீட்சை வந்து, துப்பாக்கி வீட்டு லாக்கரிலேயே இருந்திருக்கிறது. முந்தின நாள் எடுத்துத் தோட்டா போட்டால் முக்கால்வாசி போய் நின்றுவிட்டதாம். அதற்கு மேல் போகவும் இல்லை, பின்னால் அடைக்கிற போல்ட் மூடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு.

"பாய், எங்க கோச் பாத்துட்டாரு. சேம்பர டைட்டா வெட்டிப்புட்டீங்கன்னு சொல்லுதாரு. இப்பவே இன்னொருக்கா வெட்டிக் குடுங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கேன்" என்றார் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரருக்கு மூக்கு நுனி சிவந்தது. "என் சேம்பர் கரெக்டா கீது அண்ணாச்சி. உங்க தோட்டாதான் தப்பு."

சரண்யா மூன்று தோட்டாப் பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். மூன்றும் வேறு வேறு கம்பெனி. "அங்கிள், இதுல இது நீங்க அன்னைக்கு அளவு வெச்சுக்கிட்ட அதே பெட்டி" என்றாள்.

மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்று எங்களிடம் உண்டு. இவர் அதை எடுத்துப் போட்டுப் பார்த்தார். அதுவும் முக்கால்வாசியில் நின்றது. பெட்டித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் சரியான அளவு. உடனே பழி கம்பெனிக்காரன் மேல் போனது. அங்கிருந்து கடற்கரைக் காற்றுக்கும், கடைசியில் அளக்கிற கருவிக்கும் போனது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று மனசுக்குள் நினைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே நினைத்துவிட்டேன் போல, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபமாகக் குழலுக்குள் விளக்கடித்து முன்பக்கமிருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்ட குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"உள்ள ஒரு எடத்துல மேடா கீது ஷகீலா. வட்டமா. நான்தான் சரியா வெட்டாம வுட்டுக்கிறேன்."

முப்பது வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்ட மனசு வரவில்லை. அவர் போய் ரீமரை எடுத்து வந்தார். சேம்பர் வெட்டுகிற உளி அது. இரும்பை வெட்டலாம், வெட்டினதை ஒட்டவைக்க முடியாது. சரியாக இருக்கிற அறையில் ஒரு மயிரிழை கூடுதலாக எடுத்தாலும் தோட்டா உள்ளே ஆடும், குறி சிதறும். அப்புறம் அந்தக் குழலைப் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும். சரண்யாவின் ஞாயிற்றுக்கிழமையும் அதோடு போய்விடும்.

நான் போய் ரீமரைப் பிடித்துக்கொண்டேன். "எங்க இடிக்குதுன்னு தெரியாம எங்கங்க வெட்டப் போறீங்க? சாயம் பூசிப் பாத்தீங்களா?"

பட்டறையில் வழக்கமாகச் செய்வதுதான். டம்மி தோட்டாவின் மேல் சாயம் பூசி உள்ளே தள்ளி எடுத்தால், இடிக்கிற இடத்தில் மட்டும் சாயம் அழிந்திருக்கும். ரோஷத்தில் மனிதருக்கு அது மறந்துபோயிருக்கிறது. சாய டப்பாவைத் திறந்தால், அது காய்ந்து வறட்டியாகக் கிடந்தது.

"அக்கா, உங்ககிட்ட கண்மை இருக்கா?" என்று மீனாட்சியைக் கேட்டேன். அண்ணாச்சியின் மனைவி. வந்ததிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். துப்பாக்கியைக் கண்டு பயம் என்று நினைத்துக்கொண்டேன். கைப்பையிலிருந்து மைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

தோட்டாவுக்கு நானே கண்மை தீட்டினேன். மணப்பெண்ணுக்குக்கூட அவ்வளவு அக்கறையாகத் தீட்டியிருக்க மாட்டேன். இவர் அதை உள்ளே தள்ளி மெதுவாக எடுத்தார்.

ஒரே ஒரு இடத்தில்தான் மை அழிந்திருந்தது. அழிந்த இடத்தில் இரும்புத் தூள் இல்லை. சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ரத்தமா?" என்றாள் சரண்யா.

நான் வாங்கி மோந்து பார்த்தேன். சந்தனம். சந்தனமும் குங்குமமும்.

அண்ணாச்சி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். மீனாட்சி முந்தானையை எடுத்தார்.

"ஆயுத பூஜைக்கு வெச்சேன். வருசா வருசம் மேல வெக்கிற பொட்ட இவ அன்னைக்கே தொடச்சிருதா. தராசுக்கு டப்பா மேலயா பொட்டு வெக்கோம்? தட்டுலதான வெக்கோம்? வேல நடக்குத எடத்துக்குத்தான பொட்டு?"

"அந்த ஓட்டைக்குள்ள எப்படிம்மா வெச்ச?" என்றாள் சரண்யா.

"காது குடையுத பட்ஸ் வெச்சு."

"கூறுகெட்டவளே! நேத்தே சொல்லதுக்கு என்ன?" என்று அண்ணாச்சி எழுந்தார்.

"கோச்சே சேம்பரு தப்புன்னு சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல? அவ்வளவு படிச்ச மனுசனுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

இவர் யாரையும் கவனிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, குச்சியில் சுற்றி, பச்சைக் குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் கரைந்து கரைந்து வந்தது. பட்டறை முழுக்கக் கோயில் வாசனை. உலரவிட்டு எண்ணெய் தடவி டம்மி தோட்டாவைப் போட்டார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. போல்ட் 'டக்' என்று மூடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

"மயிரிழை கூட தப்பாதுன்னு சொன்னேனா இல்லியா?" என்றார் இவர். அப்படி அவர் சொல்லவே இல்லை. போகட்டும் என்று விட்டேன்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது எப்போதும்போல பிஸ்மில்லாஹ் சொல்லிக் குழலுக்குள் ஊதினார். மீனாட்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாய், நீங்க மட்டும் உள்ள ஊதுதீங்க?"

"ஊதுறது காயாதும்மா" என்றார் இவர்.

"அப்ப நான் பொட்ட எங்கதான் வெக்க?"

"மேல வெய்ங்க, கீழ வெய்ங்க, வேணும்னா என் மொட்டத் தலையில வெய்ங்க. சேம்பருக்குள்ள மட்டும் வேணாம்."

அன்றிலிருந்து பட்டறைக்கு எந்தத் துப்பாக்கி வந்தாலும் இவர் முதலில் மோந்து பார்க்கிறார். வருகிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் ரசீது எழுதுவதுபோலக் குனிந்துகொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது வாட்ஸ்அப்பில் மீனாட்சி படம் அனுப்பியிருந்தார். ரைபிளும் கையுமாகச் சரண்யா, வாயெல்லாம் பல். ரைபிளில் ஒரு பொட்டுகூட இல்லை. அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலில்தான் இருந்தது, நல்ல பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். கூடவே குரல் பதிவு: "செலக்ட் ஆயிட்டா பாய்! இந்தத் தடவயும் வேல நடக்குத எடத்துலதான் வெச்சேன்."

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த விரலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"காஞ்சா வெரல் மடங்குமா ஷகீலா?"

"மடங்கினதாலதான செலக்ட் ஆயிக்கிறா. சாப்புடுங்க" என்று அவர் வைத்த தால்சாவைத் தட்டில் ஊற்றிக்கொண்டேன். உப்பு கம்மி. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.