பினாங்கு வழியாகப் படப்பை

நான் கப்பலேறி வெளிநாடு போய்வந்தவன் என்று கிழக்குத் தாம்பரத்தில் இன்னும் நாலைந்து பேராவது நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நேரில் சொல்லித் திருத்த எனக்குத் தைரியம் வந்ததில்லை. இதைப் படித்து அவர்களே திருத்திக்கொண்டால் உத்தமம்.

1972-ஆம் வருஷம். நான் சர்வே ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். மற்றவர்கள் வெயிலில் நடந்து அளந்துகொண்டு வரும் பூமியை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைகிற உத்தியோகம். அதுவரை நான் பார்த்த அதிகபட்ச தூர தேசம் அரக்கோணம். அதுவும் ரயில் மாறத் தவறியதால். அப்போதுதான் என் மனைவி ரத்தினபாயின் சித்தப்பா மகன் தனசிங் ஈப்போவிலிருந்து எழுதினான். அங்கே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். ‘அத்தான், அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வாருங்கள். கப்பல் டிக்கெட் நான் எடுத்து அனுப்புகிறேன்.’ கூடவே ஒரு மளிகைக் கடைக் காலண்டரும் வந்தது. அதில் ஒரு மழைக்காட்டுப் படம். மரங்களின் உச்சி தெரியவில்லை. நடுவில் தேநீர் நிறத்தில் ஓர் ஆறு.

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆபீஸில் மீந்த டிரேசிங் துணி ஒரு முழத்தில் வங்காள விரிகுடாவை வரைந்தேன். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஏழு நாள் கப்பல்; பினாங்கு. அங்கிருந்து ரயிலில் ஈப்போ, கோலாலம்பூர். பிறகு படகில் பகாங் மழைக்காடு, மூன்று நாள். அப்புறம் சிங்கப்பூர். அங்கிருந்து திரும்ப வடக்கே பாங்காக். ஊருக்கு ஒரு நிற மை.

“காட்டுல மூணு நாள் எதுக்குங்க? அட்டை கடிக்கும்” என்றாள் ரத்தினம்.

“அது மழைக்காடு ரத்தினம். வருஷம் பூரா சொட்டிக்கிட்டே இருக்குமாம்.”

“நம்ம அடுக்களையும் அப்படித்தானே சொட்டுது? அதுக்கு ஏன் கப்பல்ல போகணும்?”

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை சரியாக இருக்கும், கேட்கத்தான் பிடிக்காது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதிப் போட்டால், ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை உரக்க வாசிப்பார். மகன் பரீட்சையில் தேறியது, பித்தப்பைக் கல் விழுந்தது, தொலைந்த சைக்கிள் கிடைத்தது, இப்படி. நடந்து முடிந்ததற்கு நன்றி சொல்வதுதான் முறை. நான் நடக்கப்போவதற்குச் சொன்னேன். ஆறு ஊர்களையும் கவரில் வரிசையாக எழுதிவிட்டேன். போதகர் பகாங்கில் ஒருமுறை தடுக்கி விழுந்து, எழுந்து, பாங்காக் வரை போய்ச் சேர்ந்தார். பாடகர் குழு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு பார்வைக்காகத்தான் எல்லாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது. மெட்டில்டா டீச்சருக்கு மடக்குக் குடை. கொயர் மாஸ்டருக்குக் கைக்கடிகாரம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகக் கேட்டவள் கிளியம்மாள்.

அவள் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் கால் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

“சார், நீ சயாம் பக்கம் போறியாமே?”

“ஆமா, பாங்காக் சயாம்லதான் இருக்கு. ஏன், உனக்கும் குடையா?” என்றேன். என் வேடிக்கைப் பேச்சுக்கு நேரம் காலம் தெரியாது.

அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் புருஷன் மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டப் போனானாம். ஜப்பான்காரன் அவனைச் சயாமில் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனானாம். சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவன், காட்டுக்குள் ஓர் ஆற்றோரம் அவன் ஜுரத்தோடு படுத்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். அவ்வளவுதான் சேதி. முப்பது வருஷமாகிறது.

“கொய்ந்தனாரு வருசா வருசம் காரியம் பண்ணிடலாம்ன்றாரு. ஆளு கீறாரா இல்லயான்னே தெரியாம எப்டி சார் இத அழிக்கறது?” என்று நெற்றியைத் தொட்டாள்.

“அவர் பேரு?”

புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். முந்தானையால் முன்கையைத் துடைத்து நீட்டினாள். பச்சை குத்தியிருந்தது, சிட்டிபாபு. எழுத்துகள் சுருங்கிய தோலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“அந்த எடம் எங்க கீது சார்?”

வரைபடத்தை விரித்தேன். சயாமின் மேற்குப் பக்கத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். நாங்கள் போகாத இடம். எந்த ஆறு, எந்தக் காடு, எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சிவப்பு மையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தேன். “இங்கதான்.” என் கை நடுங்கவே இல்லை. அதற்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். “எறும்பு கணக்கா கீது” என்றாள்.

அடுத்த நாள் பாலோடு ஒரு புது வேட்டி கொண்டுவந்தாள். நாலு மூலையிலும் கட்டைவிரலால் மஞ்சள் அழுத்தியிருந்தாள்.

“ஆளு இருந்தா கட்டிக்கச் சொல்லு. வூட்ல ரெண்டு மாடு கீது, வந்துடச் சொல்லு. இல்லன்னா...” மஞ்சள் மூலையை நீவிவிட்டாள். “அந்த ஆத்தோரம் போட்டுட்டு வந்துடு சார். கோடியா இருக்கட்டும்.”

கோடி என்றால் செத்தவர் மேல் உறவுக்காரர்கள் போர்த்தும் புதுத்துணி. ஒருமுறை கூடக் கட்டாததாக இருக்க வேண்டும். வேட்டியைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டேன். வரைபடத்தில் ஏழாவது ஊராக அந்தப் புள்ளியைச் சேர்த்தேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை தனசிங்கின் தந்தி வந்தது. அவன் மனைவிக்கு அவசர ஆபரேஷன், பயணம் ரத்து, அடுத்த வருஷம் பார்க்கலாம். டிக்கெட்டைக் கப்பலடியில் அவன் ஆள் ஒருவர் தருவதாக ஏற்பாடு. அவரும் வரமாட்டார்.

“எல்லார்ட்டயும் சொல்லிடுங்க” என்றாள் ரத்தினம்.

“காலையில வழியனுப்பு ஜெபம் இருக்கு. மாலை வாங்கியிருக்காங்களாம்.”

“கிளியம்மாளுக்காவது சொல்லிடுங்க. பாவம்ங்க.”

“வந்து சொல்லிக்கலாம்” என்றேன். போகாதவன் எங்கேயிருந்து வருவது என்று அவள் கேட்டாள். “நான் பொய் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன், அவ்வளவுதான்” என்று படுத்துக்கொண்டாள்.

காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் ஜெபம் செய்து, மாலை போட்டு, கைக்கு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து, மின்சார ரயிலில் ஏற்றினார்கள். கிளியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் பால் தூக்கோடு நின்றாள். இரண்டாவது ஸ்டேஷனான குரோம்பேட்டையில் இறங்கி, பஸ் பிடித்தோம். படப்பை பஸ் தாம்பரம் வழியாகத்தான் போகும். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு சொந்த ஊரைக் கடந்தேன்.

படப்பையில் என் பள்ளிக்கூடத்துத் தோழன் தட்சிணாமூர்த்திக்குக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீடு சும்மா கிடந்தது. தாம்பரத்துக்காரன் எவனும் படப்பைக்கு வரமாட்டான் என்பது என் கணக்கு. தட்சிணா தினமும் காலையில் வந்து வாசலில் நின்றுகொண்டு கேட்பான்.

“மச்சான், இன்னிக்கி எந்த ஊர்ல கீறோம்?”

நான் வரைபடத்தைப் பார்த்து, “கோலாலம்பூர்” என்பேன்.

“சாப்பாடு எப்டி?”

“உன் வீட்டு ரசம் மாதிரியே இருக்கு. தண்ணி.”

ரத்தினம் சிரிக்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல உட்கார்ந்திருப்பாள். திருத்தப் பேப்பர்தான் இல்லை.

பகாங் மழைக்காட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று படப்பையில் அடைமழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. என் துணி அத்தனையும் ஈரம். பெட்டியில் காய்ந்திருந்தது ஒன்றே ஒன்று.

“அதைத் தொடாதீங்க” என்றாள் ரத்தினம்.

“துவைச்சு மடிச்சு வெச்சிட்டா புதுசுதான்” என்று கட்டிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போய் வாழைப்பழம் வாங்கித் தின்றேன். இத்தனை நாளாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தவனுக்கு அது அமிர்தமாக இருந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள், வெளிநாட்டுச் சாமான் விற்கும் பர்மா பஜாரில் குடையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு தாம்பரம் திரும்பினோம். மறுநாள் காலை கிளியம்மாள் வந்தாள். குங்குமம் அதே அகலம். நானே பேச ஆரம்பித்தேன். காலண்டரில் பார்த்ததையெல்லாம் சொன்னேன்: வானமே தெரியாத மரங்கள், தேநீர் நிறத்து ஆறு, அட்டைகள். விசாரித்தவரையில் ஆள் இல்லை என்றேன்.

“துணி?”

“அந்த ஆத்தோரம் ஒரு மரத்தடியில போட்டேன் கிளியம்மா. ஜெபம் பண்ணிட்டு வந்தேன்.”

அடுக்களை வாசலில் ரத்தினம் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

கிளியம்மாள் பாலை அளந்து ஊற்றினாள். “அந்தக் காட்டுல வாயப்பயம் கெடைக்குதா சார்?”

“ஏராளமா.”

“பூவம்பயமா?”

செம்பைத் தரையில் வைத்துவிட்டேன்.

“கன்னுக்குட்டி ஒண்ணு பாக்கப் படப்பைக்குப் போனேன்” என்றாள், தூக்கின் மூடியை அழுத்திக்கொண்டே. “நல்ல மய. பயக்கடையாண்ட ஒரு ஆளு முதுகக் காட்டிக்கினு நிக்கறான். வேட்டி மூலையில மஞ்சா. என் கையால வெச்ச மஞ்சா எனக்குத் தெரியாதா? உன்ன நான் நெனைக்கல சார். நீதான் கப்பல்ல கீறியே. நீ அவராண்ட குடுத்துட்ட, அவரு கட்டிக்கினு உனக்கு முன்னாடியே வந்துட்டாருன்னு நெனச்சிட்டேன். ஓடனேன். சேத்துல செருப்பு போச்சு. வயசெல்லாம் மறந்துபோச்சு சார், சிரிச்சுக்கினே ஓடனேன். கிட்டப் போனா, நீ தோல உரிச்சுத் தின்னுக்கினு நின்ன.”

“கூப்பிட்டிருக்கக் கூடாதா?”

“எதுக்கு?”

“என்னைத் திட்டு கிளியம்மா. நாலு பேர் கேக்கத் திட்டு.”

“திட்டி இன்னா ஆவப்போவுது? அந்த அர நிமிசந்தான். முப்பது வருசத்துல அவரு வந்தது அந்த அர நிமிசம். அப்பறம் பூட்டாரு.”

உள்ளே ஓடிப் பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்துவந்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்தது. அவள் கையை நீட்டவில்லை.

“கட்டன துணி கோடி ஆவாது. நீயே வெச்சுக்க. வேற எடுத்துக்கறேன். அந்தப் படத்த மட்டும் குடு.”

எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் நாக்கு எழுந்தது. “கிளியம்மா, அந்தப் புள்ளி... அது நானா வெச்ச...”

“வாணாம் சார். சொல்லாத.” வரைபடத் துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். “எனக்கு ஒரு எடம் வோணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் காரியம் நடந்தது. நானும் ரத்தினமும் போய்த் தள்ளி நின்றோம். எரிக்கவும் புதைக்கவும் உடம்பு இல்லை. மணலில் என் வரைபடத்தை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தார்கள். அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் கிளியம்மாள் புது வேட்டியைப் போர்த்தினாள். சடங்கு செய்கிறவர் பெயர் கேட்டார். கொழுந்தனார் சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையமர்த்தினாள். முன்கையைத்தான் நீட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“சிட்டிபாபு” என்றாள். பழக்கமில்லாத பெயர்போல இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டார்கள். பால் அவளுடைய மாட்டுடையதுதான்.

கோடியையும் படத்தையும் ஆற்றில் விட்டார்கள். டிரேசிங் துணி என்பது கஞ்சி ஏற்றிய மெல்லிய மல். தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்து, மையும் அதோடு போய்விடும். ஆபீஸில் பழைய வரைபடங்களைத் துவைத்துக் கைக்குட்டை தைத்துக்கொள்வோம். பினாங்கும் ஈப்போவும் உடனே போயின. பகாங் கொஞ்சம் பச்சையாகக் கலங்கிப் போயிற்று. புள்ளி எப்போது போயிற்று என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. சிங்கப்பூர் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளும் நேரத்துக்குப் பால் வந்தது. ரத்தினம் வெளியே வரவில்லை. நான் செம்பை நீட்டினேன். வெறும் நெற்றியோடு அளந்து ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வேட்டி இன்னும் பெட்டியில் இருக்கிறது. எத்தனை தடவை துவைத்தும் மூலையில் மஞ்சள் போகவில்லை.