மாஸ்டரின் கோடு

மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே டெய்லர் மாஸ்டரின் கோடு நேரானது. அதற்கு முன், துணியில் சாக்பீஸால் குறி போட்டால் நண்டு நடந்த மாதிரி இருக்கும். பார்க்கின்சன்ஸ் என்று டாக்டர் சொன்ன அன்று, கடைக்கு இனி பூட்டுதான் என்று அவர் மனைவி நினைத்தாள். மாத்திரை கையைத் திருப்பிக் கொடுத்தது. பின்னாலேயே போனில் ரம்மியும் வந்து சேர்ந்தது.

வாழ்நாளில் சீட்டைத் தொடாத மனுஷன். இப்போது பட்டனுக்குக் காஜா எடுக்கும்போதும் ஆடினார், சோற்றில் கை வைத்துக்கொண்டும் ஆடினார். அவள் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டி முடித்த கையோடு, வேளை தவறாமல் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுவாள்.

நடுவில் ஒரு தடவை மாத்திரை வாங்கப் போனபோது டாக்டர் கேட்டார். "சூதாட்டம், கண்டபடி செலவு, அப்படிப் புதுசா ஏதாவது?"

"எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுங்க." அவள்தான் முந்திக்கொண்டாள். மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு.

ஒருநாள் காய்கறி வாங்கித் திரும்பினால், தையல் மெஷின் இருந்த இடத்தில் அதன் கால் தடம்தான் இருந்தது.

"வித்துட்டேன்," என்றார் மாஸ்டர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "விட்டதைப் பிடிச்சுடுவேன், பேசாம இரு."

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள். இம்முறை எதையும் மறைக்கவில்லை.

"அப்பவே கேட்டேனேம்மா. சிலருக்கு இந்த மாத்திரை இப்படிப் பண்ணும். மெதுவா குறைச்சு வேற மாத்துவோம்."

"அப்ப ஆடினது நான் இல்லையா?" என்றார் மாஸ்டர்.

"நீங்கதான். மாத்திரை பிடரியைப் பிடிச்சுத் தள்ளிச்சு."

"குறைச்சா என் கை?"

"பழையபடி நடுங்கலாம், இறுகலாம்."

மாஸ்டர் கையையே பார்த்தார். "இவளைக் கேளுங்க."

"குறைச்சுடுங்க," என்றாள்.

வெளியே படியிறங்கும்போது அவள் பக்கம் திரும்பினார். "என் கைய வித்துட்டியேடி."

"நீங்க மெஷினை வித்தீங்க. சரிக்குச் சரி."

இப்போது வாடகை மெஷின். அவள்தான் தைக்கிறாள். அவர் போடும் குறியில் மறுபடி நண்டு நடக்கிறது. அதைக் கண்ணாலேயே நேராக்கி வெட்டுகிறாள்.

நேற்று மேஜையில் போன் ஒளிர்ந்தது. இலவசமாக ஓர் ஆட்டம், வாருங்கள் என்றது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நீளவில்லை. ஆசை விட்டுப்போனதா, கைதான் வரவில்லையா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்தாள்.