முதல் படகு

கண்ணம்மை ஆச்சி உப்புத்தாளும் கையுமாகப் படகடியில் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதை ஊரெல்லாம் போய்ச் சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டுமே என்று இருந்துவிட்டாள். முழங்கால்தான் வலித்தது. மானம் ஒன்றும் வலிக்கவில்லை.

காரைக்குடியிலிருந்து வரும் டவுன் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. கண்மாய்க்கரையில் ஊர்க்காரர்களே கூடி நடத்தும் ஒரு படகுக் குழாம் இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பிவிடும். மார்கழியில் படகுகளைக் கொட்டகைக்குள் பழைய டயர்கள்மேல் கவிழ்த்துப் போட்டு, காய்ந்த பாசியைச் சுரண்டி, விரிசலுக்குப் பைபர் ஒட்டி, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். தை பிறந்து முதல் ஞாயிறு படகு தண்ணீரில் இறங்கும்.

மார்கழிப் பனியில் பைபர் பிசின் லேசில் காயாது. குழாமின் தலைவர் பூமிநாதன், தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர், பொறுமைக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். சீக்கிரம் இறுகட்டும் என்று அதற்கான மருந்தைத் தாராளமாக ஊற்றினார். டப்பா குபுகுபுவென்று புகைந்து, உள்ளே கிடந்த பிரஷ்ஷோடு கல்லாகிப் போனது. "சார் பிரஷ்ஷுக்குச் சமாதி கட்டிட்டாரு" என்றாள் கூடத் தேய்த்துக்கொண்டிருந்த ஷீலா டீச்சர். அன்றைக்கு எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். கண்ணம்மையும் சிரித்தாள். சத்தமாகச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

புருஷன் போன பிறகு, விசேஷ வீடுகளில் தன்னை எங்கே உட்காரச் சொல்வார்கள் என்று வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். யாரும் கடிந்து பேச மாட்டார்கள். "ஆச்சி, அங்குட்டு உக்காருங்க, காத்து நல்லா வரும்" என்பார்கள். பின்கட்டில் அப்படி என்ன காற்று வந்துவிடப் போகிறது? திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். இந்த மரியாதையை என்ன செய்வது?

படகுக் கொட்டகையில் யாரும் அவளை அங்குட்டு அனுப்பவில்லை. குழாமுக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்கழியில் யார் அதிகம் உழைத்தார்களோ, முதல் படகு அவருக்கு. தனியாகத் துடுப்புப் போட்டு அக்கரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். இந்த வருஷம் யார் என்று கேட்டபோது எல்லாக் கையும் கண்ணம்மைக்கே உயர்ந்தது. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

தை முதல் ஞாயிறு காலையில் முதல் படகைக் கொட்டகையிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து கரையில் வைத்திருந்தார்கள். கண்ணம்மை சேலையை இழுத்துச் செருகி, லைஃப் ஜாக்கெட் மாட்டி நின்றாள். அந்த நேரம் பார்த்து வள்ளியப்பனின் கார் வந்தது. வள்ளியப்பன் அவளுக்குக் கொழுந்தனார் முறை, புருஷனின் சித்தப்பா மகன். கொட்டகை அவர்களுடைய வளவுக்கு, அதாவது பங்காளிகள் எல்லோருக்கும், பொதுச் சொத்து, சாவி அவரிடம். கூடவே, போன ஆவணியில் கல்யாணமான மகனும் மருமகள் அக்ஷராவும் பட்டும் பவுனுமாக இறங்கினார்கள்.

"ஆச்சி, மொதப் படகுல சின்னஞ்சிறுசுக போகட்டும். நல்ல காரியம் பாருங்க. நீங்க பின்னால நிதானமாப் போய்க்கிருங்க."

"நான் போனா நல்ல காரியத்துக்கு என்ன வந்துச்சு?"

"அதுக்கில்ல ஆச்சி..."

"எதுக்கில்ல? வாயத் தொறந்து சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

வள்ளியப்பன் அதைத் தொடாமல் வேறொன்றைச் சொன்னார். "கொட்டகை நம்ம வளவுக் கொட்டகை. நீங்க அதுல அரைப்புள்ளி. நெனப்புல வச்சுக்கங்க."

அவர்கள் வழக்கத்தில் தம்பதி என்றால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. அது கோயில் வரிக் கணக்கு. மனுஷர் அதைக் கொட்டகைவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கண்ணம்மைக்குக் கண் கலங்கியது. கோபத்தில் கலங்கியது. "மார்கழி பூரா நான் அரைப் படகா தேய்ச்சேன்? முழுசாத்தானே தேய்ச்சேன்?" என்றாள்.

பூமிநாதன் கையைப் பிசைந்தார். "ஆச்சி, இந்த ஒரு தடவ விட்டுக் குடுத்துருவோம். கொட்டகை இல்லேன்னா கோடை வெயில்ல படகெல்லாம் வெடிச்சுப்போகும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் சிக்கல். தன் பிடிவாதத்தால் ஊர்ப் படகெல்லாம் வெயிலில் கிடக்க வேண்டுமா? ஆனால் இன்றைக்கு நகர்ந்து நின்றால் இந்தக் கரையிலும் அவளுக்கு ஒரு பின்கட்டு முளைத்துவிடும். படகின் பின்பக்கம் போய்த் தள்ளினாள். அது சேற்றில் அசைவேனா என்றது. ஷீலா டீச்சர் செருப்பை உதறிவிட்டு வந்து தோள் கொடுத்தாள். படகு வழுக்கித் தண்ணீருக்குள் போனது.

ஏறி உட்கார்ந்து இரண்டு துடுப்பையும் போட்டதும் படகு செக்குமாடாய் ஒரு சுற்றுச் சுற்றியது. கரையில் யாரோ சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் ஒன்றுபோல் இழுத்தாள். படகு நேரானது.

இரட்டைத் துடுப்பை இழுத்துப் போடுகிறவருக்கு முதுகுதான் போகிற பக்கம் இருக்கும், முகம் விட்டு வந்த கரையைப் பார்த்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். வள்ளியப்பன் விறுவிறுவென்று போனார். மற்ற படகுகள் உள்ளே இருக்கும்போதே கொட்டகையின் தகரக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.

"ஆச்சி! திரும்பிருங்க! பூட்டிட்டாக!" பூமிநாதனின் குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

நடுக் கண்மாயில் ஒரு கணம் துடுப்பை நிறுத்தினாள். பிறகு வள்ளியப்பன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மறுபடி இழுத்தாள். அவர் சின்னதாகிக்கொண்டே போனார்.

அக்கரையைத் தொட்டுத் திரும்பியபோது உள்ளங்கை கொப்புளித்திருந்தது. சேற்றில் இறங்கி, படகை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு படகு வெளிய இருக்குல்ல? அது போதும். அடுத்து யாரு?"

ஷீலா டீச்சர் முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். பூமிநாதன் கொட்டகையைப் பார்த்தார், படகைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் வந்து நின்றார். "கோடைக்கு இன்னும் நாள் கெடக்கு" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டார்.

மாமனார் குறுக்கே நீட்டிய கையைத் தாண்டிக்கொண்டு அக்ஷரா வந்தாள். "ஆச்சி, நானும் போகவா?"

கண்ணம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் பெண் நேராகக் கேட்டது பிடித்திருந்தது.

"போகலாம் ஆத்தா. தேய்ச்சவுக எல்லாம் போய்ட்டு வரட்டும். நீ பின்னால நில்லு."

அக்ஷரா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூமிநாதனுக்கும் பின்னால், கடைசி ஆளாகப் போய் நின்றாள்.