ஒரு ஸ்குவாட்ரனின் வீர வரலாறு

அத்தானின் விமானப்படை ஸ்குவாட்ரனைக் கலைத்துவிடக்கூடும் என்று தெரிந்ததும் அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள். நான் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவன். எட்டு கோல் வாங்கித் தோற்ற அணியையும் "இறுதிவரை போராடியது" என்று பூசி மெழுகத் தெரிந்தவன். அந்தத் திறமை குடும்பத்துக்கு உதவும் நாள் வந்துவிட்டது.

"செலவைக் குறைக்க ஒரு ஸ்குவாட்ரனைக் கலைக்கணுமாம். எதுக்கு வீர வரலாறு இல்லையோ அதைத்தான் கலைப்பாங்களாம். இத்தனை வருஷம் பறந்துட்டு, இவரு கிடங்குல போய் டயர் எண்ணணுமா? நீ ஒரு புத்தகம் எழுதிக் குடுடா" என்றாள்.

வரலாறு என்ன என்று கேட்டேன். ஸ்குவாட்ரனின் தலைவரான அத்தான் சுவரைப் பார்த்தார். அவர்கள் காலத்தில் நடந்த போர் ஒன்றே ஒன்று, அதுவும் நாலே நாள். அது வெடித்த அன்று, ஆய்வுக்கு வரவிருந்த தளபதிக்காக எல்லா விமானங்களுக்கும் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். பெயின்ட் காயாமல் விமானத்தைக் கிளப்பக்கூடாது என்பது விதி. விதியை மீற அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்கள். பெயின்ட் காய்ந்தது, போர் முடிந்தது, அனுமதி வந்தது. அதே வரிசையில்.

நான் அசரவில்லை. "போரில் ஒரு விமானத்தைக்கூட இழக்காத ஸ்குவாட்ரன்" என்று ஆரம்பித்தேன். "எதிரி விமானம் ஒன்றுகூட எங்கள் தளத்தை நெருங்கத் துணியவில்லை" என்று அடுத்த வரி. அப்படியொரு தளம் இருப்பதே எதிரிக்குத் தெரியாது என்பதை எழுதவில்லை, அவ்வளவுதான். சத்தியமாகச் சொல்கிறேன், புத்தகத்தில் ஒரு பொய் கிடையாது.

அமைதிக் காலத்தில் அவர்கள் உருப்படியாக ஒன்று செய்திருந்தார்கள். பெருவெள்ளத்தின்போது மரக்கிளை உரசும் உயரத்தில் பறந்து, கூரைமேல் தவித்தவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் போட்டார்கள். முதல் விமானத்தை ஓட்டியவர் அத்தான். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று அத்தியாயம் எழுதினேன்.

"ரொட்டி போட்டதெல்லாம் வரலாறா மச்சான்? நம்மள பேக்கரின்னு நெனைச்சிருவாங்க" என்று அத்தான் அதை அடித்துவிட்டார்.

புத்தகம் வந்தது. தளபதி வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படித்தாராம். அத்தானின் ஸ்குவாட்ரன் தப்பித்தது. அந்தப் போரில் நிஜமாகவே பறந்து, இரண்டு விமானங்களைப் பறிகொடுத்த பக்கத்து ஸ்குவாட்ரனைக் கலைத்தார்கள். பாவம், அவர்களுக்கு எழுதிக்கொடுக்க ஒரு மச்சான் இல்லை.

அந்த வருஷமே எல்லையில் மறுபடி முறைப்பு. முதலில் யாரை அனுப்புவது என்று தளபதி யோசிக்கவே இல்லையாம். ஒரு விமானத்தைக்கூட இழக்காதவர்கள் இருக்கும்போது யோசனை எதற்கு?

அக்கா என் முன்னாலேயே அத்தானிடம் மன்றாடினாள். "அந்தப் பெயின்ட் கதையைப் போய்ச் சொல்லுங்க. ஸ்குவாட்ரன் கலைஞ்சா கலையட்டும். நீங்க இருப்பீங்க."

அத்தான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "ஸ்குவாட்ரன் பசங்க எல்லாரும் புத்தகத்தைப் படிச்சிட்டாங்க" என்றார். அடுத்த ஷூவை எடுத்தபடி, "நானும் நாலு தடவை படிச்சிட்டேன். நம்ம ஸ்குவாட்ரனைப் பத்தி எனக்கே இவ்வளவு நாளா தெரியாம இருந்திருக்கு பாரேன்" என்றார். கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நம்பிவிட்டார்.

அவர் கிளம்பிப் போன மறுநாள், நான் அக்கா வீட்டில் இருந்தபோது எனக்குப் போன் வந்தது. தளபதியின் உதவியாளர். குரலில் அப்படி ஒரு மரியாதை.

"உங்க புத்தகம் பிரமாதம் சார். இன்னொரு தடவை அச்சடிக்கச் சொல்லிட்டார் தளபதி. கடைசியில மட்டும் ஒரு நாலு பக்கம் காலியா விடுங்க."

"எதுக்கு சார்?"

"போட்டோ போடத்தான். வீரமரணம் அடையறவங்களோடது. ஒரு பக்கத்துக்கு நாலு பேர் வருமில்ல?"

அக்கா எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும் சார்" என்றேன்.