சனிக்கிழமைக்காரர்

கதவு சாத்தியிருந்தது. திறந்து வைத்துவிட்டுத்தான் வெந்நீர் எடுக்கப் போயிருந்தாள் காரின். கையில் பாத்திரமும் தோளில் துண்டுமாக நின்று காது கொடுத்தாள். அப்பாவின் மூச்சு கேட்டது. நின்று, யோசித்து, மறுபடி இழுக்கும் மூச்சு. அதனூடே வெண்டல் போஸ்மாவின் தாழ்ந்த குரல். என்ன சொல்கிறார் என்பது பிடிபடவில்லை.

முழங்கையால் கதவைத் தள்ளினாள். வெண்டல் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அப்பாவின் வாயருகே காதை வைத்திருந்தார். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்மா."

"ஜெபம் வாயாலதானே பண்ணுவாங்க பாஸ்டர்? காதாலயுமா?"

அவள் துண்டை நனைத்துப் பிழிந்து அப்பாவின் கழுத்தைத் துடைத்தாள். வெண்டல் எழுந்து போகவில்லை.

காலையில் பனிக்கு நடுவே நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து அறையை விட்டு நகரவில்லை. நர்ஸ் மார்லா வலி மருந்தைக் கூட்டியபோது மட்டும், "இந்த மருந்துல மனுஷன் உளறுவானா?" என்று கேட்டார். "சிலர் பாட்டே பாடுவாங்க" என்றாள் மார்லா. அவர் சிரிக்கவில்லை. காரின் அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

அப்பா ஹார்லன் வீன்ஸ்ட்ராவும் வெண்டலும் இதே ஊர் விளிம்பிலுள்ள சின்னப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். விடுதிக்கு வந்த முதல் வாரமே பையன்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை ஒருவன் தன் குற்றங்களை மற்றவனிடம் சொல்ல வேண்டும். கேட்டதை வெளியே விடக்கூடாது. பின்னால் வரப்போகும் மனைவியிடமும்கூட. பட்டம் வாங்கிய அன்றோடு மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் அப்பா ஃபோனைத் துணி துவைக்கும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "சனிக்கிழமைப் பொண்டாட்டிகிட்ட பேசப் போயிட்டார்" என்பாள் அம்மா. முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிற்பாடு சிரிக்காமல் சொன்னாள்.

கல்லூரி கற்றுக்கொடுத்த வாய்க்கட்டு அப்பாவின் தொழிலுக்கும் பொருந்திப்போனது. ஊரின் ஒரே மருந்துக்கடை அவருடையது. யாருக்குத் தூக்கம் வரவில்லை, யார் மகள் எதற்கு மாத்திரை வாங்கினாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒன்றுகூடச் சாப்பாட்டு மேசைக்கு வந்ததில்லை. மினியாபொலிஸில் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டபோது, வேலை என்பது தேவன் தரும் அழைப்பு, தன் அழைப்பு இங்கேதான் என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தைத் துணி துவைக்கும் அறை ஃபோனில் வெண்டல்தான் சொல்லிக்கொடுத்தார் என்று அம்மா சந்தேகப்பட்டாள்.

காரினின் சந்தேகம் வேறு. இறைச்சி ஆலையில் வேலை செய்த ரஃபேலை, ஒரு கத்தோலிக்கனை, அவள் கத்தோலிக்கக் கோயிலில் மணந்தபோது அப்பா வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. அம்மா தனியாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அப்பா ரஃபேலை ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. பேரன் பிறந்தபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆனால் அந்த நாளைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்க மாட்டார். போகாதே என்று தடுத்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியும்.

மார்லா படுக்கையருகே உட்கார்ந்ததும் வெண்டல் சமையலறைக்கு வந்தார். காரின் காபி ஊற்றினாள்.

"நேத்து ஏதாவது பேசினானா?" கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அப்பா பேசியது ஒன்றே ஒன்றுதான். நாய்க்குச் சாப்பாடு வைத்தாயா என்று கேட்டார். நாய் செத்து நெடுநாளாகிறது.

"பேசினார்" என்றாள் காரின்.

"என்னைப் பத்தியா?"

"எல்லாத்தையும்."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. வெண்டலின் முகம் வெளுத்துப்போனது. கோப்பையை மேசையில் வைத்தார்.

"எலெய்னுக்குத் தெரிய வேணாம்மா. என் பொண்டாட்டி இந்த வயசுல தாங்க மாட்டா."

"நான் கேக்குறது என் கல்யாணத்தைப் பத்தி. போகாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் விழித்தார். "அப்ப அவன் அதைச் சொல்லலையா?"

"நீங்க சொல்லுங்க."

வெளியே எங்கோ பனியில் ஒரு கார் சக்கரம் சுழன்று மாட்டிக்கொண்டு உறுமியது. அது ஓய்ந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"சபையில ஒருத்தி இருந்தா. ரெண்டு பேரும் ஊரை விட்டே போறதா ஏற்பாடு. பெட்டியோட மோட்டல்ல உக்காந்திருந்தேன். விடியக்காலைல அவனுக்கு ஃபோன் பண்ணினேன். எதுக்குப் பண்ணினேன்னு இன்னைக்கும் தெரியல. மூணு மணி நேரம் காரோட்டி வந்தான். நாள் பூரா பக்கத்துலயே இருந்தான். சாயங்காலம் என்னை வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போனான்."

"அன்னைக்கு என் கல்யாணம்."

"தெரியும்மா. பத்திரிகை எனக்கும் வந்திருந்துச்சு."

காரின் அவரையே பார்த்தாள். சாவு வீடுகளில் யாருக்கு என்ன சொன்னால் ஆறும் என்று அறிந்து சொல்வதே ஆயுள் முழுக்கத் தொழிலாகக் கொண்ட மனிதர். சொல்லவேண்டியதைச் சொல்லாதவர் உள்ளே கிடக்கிறார். இவர் சொல்வது நிஜமா என்று சரிபார்க்க யாரும் இல்லை.

"அப்பா அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தார்?" போலீஸ்காரி மாதிரி கேட்டாள்.

"ஞாபகமில்ல. நான் எங்கம்மா அவனைப் பாத்தேன்? என்னையே பாத்துக்கிட்டிருந்தேன்."

பொய்யாக இருந்தால் ஒரு கோட்டையாவது சொல்லியிருப்பார் என்று அவளுக்குப் பட்டது.

"அம்மா சாகுற வரைக்கும் அவரை வெறுத்தா. தெரியுமா?"

"சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான்."

"அவர் கொடுத்தார். நீங்க சொல்லியிருக்கலாமே பாஸ்டர்."

"ஆமா" என்றார் வெண்டல்.

காபி மேல் ஆடை படிந்தது.

"அடக்கத்துக்குப் பிரசங்கம் நீங்கதான்னு எழுதி வெச்சிருக்கார்."

"நீ வேணாம்னா..."

மார்லா வாசலில் நின்றாள். சாதாரணமாக ஏதாவது கிண்டல் பேசிக்கொண்டேதான் வருவாள். இப்போது காரினின் தோளில் கை வைத்தாள்.

"முடிஞ்சிடுச்சுடா. சத்தமே இல்ல. நான் தலையணையை சரி பண்ணித் திரும்புறேன், அவ்வளவுதான். உங்களைக் கூப்பிடக்கூட நேரம் கிடைக்கல."

இருவரும் எழுந்து போனார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. அப்பாவின் வாய் லேசாகத் திறந்து, அடுத்த சொல்லுக்குத் தயாரானதுபோல் இருந்தது. காரின் அவர் தாடையைத் தாங்கிப் பிடித்தாள். வெண்டல் காலடியில் நின்றார். ஜெபம் பண்ணவில்லை.

மார்லா ஃபோனில் யாருடனோ பேசிவிட்டு வந்தாள். "அவரை எடுத்துட்டுப் போற வண்டி கிளம்பிடுச்சாம். ஆனா வீட்டுப் பாதையில இவ்வளவு பனி கிடந்தா உள்ள வராதுங்கிறாங்க. யாரையாவது கூப்பிடணும்."

ரஃபேல் பையனை அழைத்துக்கொண்டு வர இன்னும் நேரமாகும். யாரைக் கூப்பிடலாம் என்று காரின் யோசித்துக்கொண்டிருந்தபோது முன்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனாள். வெண்டல் கார் ஷெட்டிலிருந்து மண்வாரியை எடுத்து வந்து படியருகிலிருந்து தொடங்கியிருந்தார். ஐந்தாறு தடவை வாரிக் கொட்டிவிட்டு, பிடியில் சாய்ந்து நின்றார். மறுபடி குனிந்தார். வயதான ஆள் பனி தள்ளும்போது மாரடைத்துச் செத்துப்போனான் என்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாலு பேரையாவது சொல்வார்கள்.

அவள் திரையை இழுத்துவிட்டாள். பிறகு அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்து, இன்னொரு மண்வாரியோடு அவரைக் கடந்து நடந்து, சாலை முனையிலிருந்து தள்ள ஆரம்பித்தாள். அவர் வீட்டுப் பக்கமிருந்து, இவள் சாலைப் பக்கமிருந்து. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரும்பு சிமென்டில் உரசும் சத்தம் மட்டும் மாறி மாறிக் கேட்டது.

அவள் முனை அநேகமாகச் சுத்தமாகிவிட்டபோது, மாவட்டத்தின் பனி தள்ளும் லாரி மஞ்சள் விளக்கோடு கடந்துபோனது. போகிற போக்கில் சாலைப் பனியையெல்லாம் ஒதுக்கி, அவள் திறந்த வாயிலில் இடுப்புயரத்துக்கு ஒரு மேடாகக் கொட்டிவிட்டுப் போனது. காரின் மண்வாரியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெண்டல் தன் பக்கத்து வேலையை அப்படியே விட்டுவிட்டு, முழங்கால் பனியில் மெதுவாக நடந்து அவள் முனைக்கு வந்தார். அவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.